மூளை முடக்குவாதம்: காத்திருக்கவும் வேண்டாம், கைவிடவும் வேண்டாம்



ஐந்து மாதம் ஆகியும் குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை என்றால் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "உரம் விழுந்திருக்கு, எடுத்தா சரியாப் போயிடும்" என்பார்கள். "இவங்கப்பனும் லேட்டாத்தான் நடந்தான்" என்பார்கள். இப்படியே ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஓடிவிடுகிறது. பயிற்சிக்கு மிகவும் பலன் கிடைக்கும் காலம் அதுதான். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு என்ன செய்யலாம், எங்கே போகலாம் என்பதை இங்கே சொல்கிறோம்.

மூளை முடக்குவாதம் என்றால் என்ன?

குழந்தை வயிற்றில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்திலோ, உடல் அசைவை நடத்தும் மூளைப் பகுதி பாதிக்கப்படுவதால் வருவது இது. சில குழந்தைகளுக்குக் கை கால் விறைப்பாக இருக்கும். சிலருக்குத் தானாக முறுக்கிக்கொள்ளும். சிலருக்குத் தளர்ந்து தொங்கும்.

குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த எடை, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் இவை முக்கிய காரணங்கள். பல குழந்தைகளுக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. கிரகணமோ, தோஷமோ, செய்வினையோ காரணம் இல்லை. தாய் செய்த பாவமும் இல்லை. மருமகளைக் குறை சொல்வதை மாமியார்மார் விட்டுவிட வேண்டும். இது தொற்று நோயும் அல்ல.

ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு நாளுக்கு நாள் வளராது. ஆனால் கவனிக்காமல் விட்டால் தசைகள் சுருங்கி, மூட்டுகள் மடங்கியபடியே இறுகிவிடும். முதல் பாதிப்பை நீக்க மருந்து இல்லை. இரண்டாவதைப் பெருமளவு தடுக்கலாம், குறைக்கலாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

1. ஐந்து மாதம் ஆகியும் தலை நிற்காமல் இருப்பது.
2. நான்கு மாதத்துக்குப் பிறகும் கை எப்போதும் மூடியபடி இருப்பது.
3. எட்டு, ஒன்பது மாதம் ஆகியும் பிடிப்பு இல்லாமல் உட்காராதது.
4. ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது.
5. தூக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்வது.
6. பால் குடிக்கச் சிரமப்படுவது, அடிக்கடி புரையேறுவது.
7. ஒன்றரை வயதாகியும் நடக்காதது.

குறைமாதக் குழந்தையாக இருந்தால், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து மாதத்தைக் கணக்கிடவும். இவற்றில் ஒன்று இருந்தாலும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லவும். துணியில் போட்டு உருட்டுவது, தலைகீழாகத் தொங்கவிடுவது, கை காலை வலிக்க வலிக்க இழுத்து நீவுவது கூடவே கூடாது.

எங்கே போவது?

பள்ளிக் குழந்தைகளையும் அங்கன்வாடிக் குழந்தைகளையும் பார்க்க நடமாடும் மருத்துவக் குழு வருகிறது. இது 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் நடப்பது. சந்தேகம் இருந்தால் அந்தக் குழு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்பும். குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றவர்களை ஒரே இடத்தில் பார்க்க வைப்பதே அந்த மையத்தின் நோக்கம். காதும் கண்ணும் கட்டாயம் பரிசோதிக்கப்பட வேண்டும். இந்தக் குழந்தைகளில் பலருக்குப் பார்வையிலோ கேட்பதிலோ குறை இருக்கும். வலிப்பும் வரலாம். வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

என்னென்ன சிகிச்சை உண்டு?

பயிற்சிதான் முதல் சிகிச்சை. வாரம் ஒருமுறை மையத்துக்குப் போய் வந்தால் மட்டும் போதாது. அங்கே கற்றுக்கொண்டதை வீட்டில் தினமும் செய்ய வேண்டும். குழந்தையின் கையைப் பிடித்து நாமே அசைப்பதைவிட, குழந்தை தானாக எட்டிப் பிடிக்கும்படி விளையாட்டுக் காட்டுவது மேல். இரண்டு வயதுக்குள் தானாக உட்காரும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிற்பாடு நடக்கிறார்கள். மற்றவர்களுக்கும் உட்காரும் நாற்காலி, நிற்கும் சட்டம், நடைவண்டி, சக்கர நாற்காலி என்று உதவிகள் உண்டு. சக்கர நாற்காலி வாங்கினால் "நடக்கவே மாட்டான்" என்று பயப்பட வேண்டாம். பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் போய் வர அது வழி செய்யும்.

கணுக்கால் மடங்காமல் இருக்க ஸ்பிளிண்ட் எனும் தாங்கி தருவார்கள். விறைப்புக்குப் பேக்லோஃபென் போன்ற மருந்துகள் உண்டு. அதையும் திடீரென நிறுத்தக் கூடாது. குறிப்பிட்ட சில தசைகள் மட்டும் விறைத்திருந்தால் போட்யூலினம் ஊசி போடுவார்கள். அதன் பலன் சில மாதங்களே இருக்கும். அந்த மாதங்களில் பயிற்சி செய்தால்தான் ஊசிக்கு அர்த்தம். சிலருக்கு எலும்பு, தசைநார் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும்.

இடுப்பு மூட்டை மறந்துவிடாதீர்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது மெல்ல மெல்ல இடம் விலகும். ஆரம்பத்தில் வலிக்காது, வெளியிலும் தெரியாது. நடக்காத குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். எப்போதெல்லாம் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

"ஸ்டெம் செல் போட்டா குணமாயிடும்" என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் வருஷ வழிகாட்டு நெறிகள், அங்கீகரித்த ஆய்வுக்கு வெளியே இந்த நோய்க்கு அதை அனுமதிக்கவில்லை. நிலத்தையும் தாலியையும் விற்று ஏமாற வேண்டாம். அந்தப் பணம் குழந்தையின் சாப்பாட்டுக்கும் நாற்காலிக்கும் பயன்படட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

படுக்க வைத்துப் பாலாடையால் வாயில் ஊற்றாதீர்கள். பால் நுரையீரலுக்குப் போய்ச் சளிக்காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து. குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல், லேசாக முன்னால் குனிந்தாற்போலப் பிடித்து ஊட்டவும். தண்ணீராக இருப்பது புரையேறினால் குழைந்த சாதம், கெட்டியான கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கலாம். எண்ணெயோ நெய்யோ ஒரு கரண்டி சேர்த்தால் எடை கூடும்.

கால் பின்னிக்கொள்ளும் குழந்தையை நம் ஊர் வழக்கப்படி இடுப்பில் உட்கார வைத்து, இரண்டு கால்களும் அகன்றிருக்கும்படி தூக்குங்கள். அதுவே நல்ல பயிற்சி. நாள் முழுக்கத் தூளியிலோ பாயிலோ கிடத்திவிடாதீர்கள். சுவர் மூலையில், இரண்டு பக்கமும் சுருட்டிய போர்வை வைத்து உட்கார்த்துங்கள். சமைக்கும்போது பக்கத்தில் வைத்துப் பேசிக்கொண்டே இருங்கள்.

வாய் பேசாத குழந்தைக்கு எதுவும் புரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தட்டு, தம்ளர், பாய், பந்து இவற்றின் படங்களை ஓர் அட்டையில் ஒட்டுங்கள். வேண்டியதைக் கண்ணாலோ விரலாலோ காட்டப் பழக்குங்கள். மும்பையில் வாழும் மாலினி சிப் அவர்களுக்கு இந்த வாதம் உண்டு. ஒரே விரலால் தட்டச்சு செய்து அவர் எழுதிய தன் வரலாறு 2010-ல் புத்தகமாக வந்தது. அவருடைய தாயார் மிது அலூர், 1972-ல் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்றே மும்பையில் பள்ளி தொடங்கியவர். சென்னையில் 1985-ல் தொடங்கிய வித்யா சாகர் அமைப்பும் இதே பணியைச் செய்கிறது.

உங்களுக்கு உரிய உதவிகள்

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் ஊனச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் பெறவும். மாதாந்திரப் பராமரிப்புத் தொகை, உபகரணங்கள், பயணச் சலுகை எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. 1999-ம் வருஷத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ள நிராமயா காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். பயிற்சிச் செலவும் அதில் அடக்கம்.

2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. "இங்கே சேர்க்க முடியாது" என்று பள்ளியில் சொன்னால் வட்டார வள மையத்தை அணுகவும். பள்ளிக்கு வரவே முடியாத குழந்தைக்கு வீட்டுக்கே வந்து கற்பிக்கும் ஏற்பாடும் உண்டு. பரீட்சையில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும் கேட்டுப் பெறலாம். 18 வயதானபின், தானே முடிவெடுக்க முடியாதவருக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கவும்.

அப்பாமார்களுக்கு ஒரு வார்த்தை

குழந்தையைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் தாய் ஒருத்தியின் தலையிலேயே விழுந்தால் அவளுடைய முதுகு முறியும், மனமும் உடையும். தினம் ஒரு வேளை ஊட்டுவதையும் பயிற்சியையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளட்டும். மற்ற பிள்ளைகளையும் கூடவே விளையாட விடுங்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். மறைத்து வைக்க இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

உங்கள் தெருவில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், இதைப் படித்ததும் அந்த வீட்டாருக்கும் சொல்லுங்கள். அடுத்த முறை செவிலியர் வரும்வரை காத்திராமல், இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.