நூல் ஊட்டியும் வானலையும்

திருப்பூரில் பனியன் துணி பின்னும் கூடத்துக்குள் சென்றிருக்கிறீர்களா? 30 அங்குல விட்டமுள்ள வட்டப்பின்னல் இயந்திரத்தில் 90 நூல்கள் வரை ஒரே வேளையில் ஊசிகளுக்குப் போகும். ஜக்கார்டு வேலைப்பாடுள்ள துணியானால் எல்லா நூலும் ஒரே சீராகச் செலவாவதில்லை. எனவே நூல் கோனுக்கும் ஊசிக்கும் நடுவே சிறு உருளையுள்ள ஃபீடரை வைக்கிறார்கள். உருளையில் சில சுற்று நூல் எப்போதும் கையிருப்பில் இருக்கும். அது குறைந்தால் ஃபீடர் நூலை இழுத்துச் சுற்றிக்கொள்ளும், நிரம்பினால் நின்றுவிடும்.

கம்பியில்லாக் கணினித் தொடர்பிலும் இத்தகைய கையிருப்பு உண்டு. அனுப்பவேண்டிய செய்தி சிறு பொட்டலங்களாகக் கருவியின் நினைவகத்தில் வரிசையாகக் காத்திருக்கும். 1999-இல் வகுத்த வைஃபை முறை ஒன்றில் நொடிக்கு 1, 2, 5.5, 11 மெகாபிட் என நான்கு வேகங்கள். வேகம் கூடினால், இரைச்சலில் பொட்டலம் சிதையும் வாய்ப்பும் கூடும். சிதைந்ததைத் திரும்ப அனுப்பவேண்டும். வழக்கமான கருவிகள் இச்சிதைவை வைத்தே வேகத்தை மாற்றுகின்றன. இது பாதிக் கணக்குதான்!

வரிசையில் இரண்டே பொட்டலங்கள் இருக்கையில் 11-இல் பாய்வானேன்? 2-இல் அனுப்பினால் பழுதின்றிச் சேரும். (பக்கத்தில் வேறு கருவிகள் காத்திருந்தால் இந்த நிதானம் அவற்றுக்கு இடைஞ்சல் என்பதையும் மறக்கலாகாது.) வரிசை நிரம்பினாலோ, புதிதாக வருபவை இடமின்றித் தள்ளப்படும். அப்போது துணிந்து வேகத்தைக் கூட்டவேண்டும். 11-இல் பத்துக்கு மூன்று சிதைந்தாலும் ஏறத்தாழ 7.7 மெகாபிட் போய்ச் சேருமே, பழுதில்லாத 5.5-ஐவிட அது மிகுதியல்லவா?

கையிருப்பை ஒட்டி அனுப்பும் இவ்வெண்ணத்துக்கு நெருங்கிய முயற்சி ஒன்று நம் மாநிலத்திலேயே நடந்தது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுப்புறக் கண் பரிசோதனை மையங்களோடு நெடுந்தூர வைஃபை வாயிலாக இணைத்தார்கள். அதில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்டார்கள். சாதாரண வைஃபை, பொட்டலம் ஒவ்வொன்றுக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகையை எதிர்பார்க்கும். கட்டடத்துக்குள் புழங்குவதற்கென வைத்த காத்திருப்பு நேரம் பல கிலோமீட்டருக்குப் போதாது. ஒப்புகை வருமுன்பே பொட்டலம் தொலைந்ததாக எண்ணி மறுபடி அனுப்பும்! ஆய்வாளர்கள் இரு முனைகளுக்கும் முறைவைத்து நேரம் பகிர்ந்தார்கள். தன் முறை வந்ததும் வரிசையில் உள்ளவற்றை அடுத்தடுத்து அனுப்பி, மொத்தமாக ஒரே ஒப்புகை பெறும்படி செய்தார்கள். 2007-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, போய்ச் சேரும் செய்தியளவு 2 முதல் 5 மடங்கு பெருகியது.

மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளி தேனி மருத்துவரிடம் திரையில் பேசுகிறார். பொட்டலங்கள் வழியில் தேங்கினால், மருத்துவர் கேள்வி கேட்டு முடித்த பின்னும் திரையில் அவர் உதடு அசைந்துகொண்டிருக்கும்.