கேமராக்கள் கிளம்பிய பிறகு வந்தவர்கள்

கத்ரீனா புயலில் மூழ்கிய நியூ ஆர்லியன்ஸில் ஒரு வீட்டைத் திரும்ப எழுப்புவதற்கான முதல் வேலை, அதற்குள் இருந்த அத்தனையையும் தெருவில் கொண்டுவந்து கொட்டுவது. மெத்தை, சோபா, துணிமணி, பள்ளிப் புத்தகம், கல்யாண ஆல்பம் என எல்லாமே சேற்றில் ஊறிக் கிடக்கும். பிறகு சுவர்ப் பலகைகளைப் பெயர்க்க வேண்டும். அவற்றுக்குள் திணித்திருக்கும் பஞ்சைப் பிடுங்கி, தரையை உரித்து, வீட்டை வெறும் மரச்சட்டமாக்க வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் விட்டால் ஆயிரக்கணக்கான டாலர் கேட்பார். இந்த வேலையைக் கூலி வாங்காமல் செய்தவர்கள் கல்லூரி மாணவர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், சர்ச் குழுக்களும். புயலுக்குப் பிந்தைய முதல் இரண்டு ஆண்டுகளில் வளைகுடாக் கடற்கரைக்கு வந்த தன்னார்வலர்கள் 10 லட்சத்துக்கு மேல் என்று கணக்குப் போட்டது, தன்னார்வப் பணிகளுக்கான அமெரிக்க அரசு அமைப்பு.

இத்தனை பேர் வந்தும் சில பேட்டைகள் எழுந்தன, சில எழவில்லை. வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து இதற்கு விடை கிடைக்காது. அவர்கள் யார் சொன்னதைக் கேட்டு வேலை செய்தார்கள், எத்தனை நாள் தங்கினார்கள், வீட்டுக்காரர் கையில் என்ன காகிதம் இருந்தது என்று பார்த்தால்தான் விளங்கும்.

நகரம் மூழ்கியது எப்படி?

2005 ஆகஸ்ட் 29, திங்கள்கிழமை காலை லூசியானா மாநிலத்தின் பூராஸ் என்ற ஊருக்கு அருகே கத்ரீனா கரையைக் கடந்தது. அப்போது அது மூன்றாம் வகைப் புயல். காற்றால் நியூ ஆர்லியன்ஸ் பட்ட சேதம் பெரிதல்ல. கடல் மட்டத்துக்குக் கீழே பாதி நகரம் இருக்கிறது; அதைக் காக்க ராணுவப் பொறியியல் பிரிவு கட்டிய வெள்ளத் தடுப்புச் சுவர்கள் 17வது தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய், இண்டஸ்ட்ரியல் கால்வாய் ஆகிய இடங்களில் உடைந்தன. நகரில் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. சில பகுதிகளில் வாரக்கணக்கில் வடியவில்லை. பலி எண்ணிக்கை 1,833 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2023ல் தேசிய சூறாவளி மையம் அதை 1,392 என்று திருத்தியது. உலகின் பணக்கார நாடு வெளியுதவி வாங்க வேண்டிய நிலை. நம் விமானப்படையின் இல்யூஷின் விமானம் ஒன்று, போர்வைகளும் தார்ப்பாய்களுமாக 25 டன் பொருட்களுடன் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் போய் இறங்கியது.

அனுபவமில்லாத கைக்கு என்ன வேலை?

செங்கல்லும் கான்கிரீட்டுமாக வீடு கட்டும் நமக்கு வீட்டை உரிப்பது சற்று விசித்திரமாகத் தோன்றும். அமெரிக்க வீடு பெரும்பாலும் மரச்சட்டம். அதன் உள்பக்கம் ஜிப்சம் பலகை அறைந்து, சட்டத்தின் நடுவே வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சை வைத்திருப்பார்கள். ஜிப்சம் பலகை தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். வெள்ளம் இடுப்பளவு நின்றால் ஈரம் அதற்கும் மேலே போகும். லூசியானாவின் ஆகஸ்ட் புழுக்கத்தில் சில நாட்களிலேயே சுவர் முழுக்கப் பூஞ்சை கறுத்துவிடும். அதனால் உரித்தே ஆக வேண்டும். சட்டம் மட்டும் நன்றாக இருந்தால், உலர்த்தி, பூஞ்சையைத் தேய்த்து நீக்கி, புதுப் பலகை அறைந்து வீட்டை மீட்டுவிடலாம்.

இதில் உரிப்பதற்குத் திறமை வேண்டாம். கடப்பாரையும் தெம்பும் போதும். பலகை அறைவதையும் வண்ணம் பூசுவதையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். மின்சாரமும் குழாய் வேலையும் அப்படியல்ல, உரிமம் பெற்றவர்தான் தொட வேண்டும். அவர்கள் முடித்து, ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் சுவரை மூடக் கூடாது. ஆர்வம் பொங்க வந்த இருபது பேர் எலக்ட்ரீஷியன் ஒருவருக்காகக் கைகட்டி நிற்க வேண்டி வருவது இங்கேதான்.

வேலைக்குப் போனவர்கள் முதலில் பார்த்தது வாசலில் தெளித்திருந்த பெருக்கல் குறி. தேடுதல் குழுக்கள் போட்டது அது. குறியின் நான்கு பக்கமும் நான்கு தகவல்: எந்தக் குழு, எந்தத் தேதி, உள்ளே என்ன ஆபத்து, எத்தனை பேர் கிடைத்தார்கள். கீழ்ப்பக்கத்து எண் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே உள்ளே நுழைய வேண்டும். அடுத்தது குளிர்சாதனப் பெட்டி. மின்சாரமில்லாமல் வாரக்கணக்கில் மூடிக் கிடந்த அதைத் திறந்தால் அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் வேலை செய்ய முடியாது. திறக்காமலேயே பட்டை டேப்பால் சுற்றிக் கட்டித் தெருவோரம் தள்ளுவார்கள். நகரம் முழுக்க இப்படி வரிசையாகப் பெட்டிகள் நின்றன. சிலர் அவற்றின் மேல் அரசியல்வாதிகளைத் திட்டியும் எழுதிவைத்தார்கள்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2006 ஆகஸ்ட் 29க்குள் வீட்டைச் சுத்தம் செய்து உரிக்காவிட்டால் இடிப்புப் பட்டியலில் சேரும் என்று மாநகராட்சி கெடு வைத்தது. வீட்டுக்காரர் ஹூஸ்டனிலோ அட்லாண்டாவிலோ யார் வீட்டிலாவது ஒண்டியிருப்பார். அந்த வசந்தகால விடுமுறையில் கடற்கரைக் கொண்டாட்டத்தை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் வந்த மாணவர்கள் உரித்த வீடுகள் பல, இந்தக் கெடுவிலிருந்து தப்பின. தன்னார்வப் பணியின் நேரடிப் பலன் என்று கத்ரீனாவில் எதையாவது சுட்ட வேண்டுமானால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

சாப்பாடு ஒருவர், கூரை ஒருவர்

1969ல் கமீல் புயலடித்தபோது உதவி அமைப்புகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, ஒரே தெருவுக்கு மூன்று முறை சோறும் அடுத்த தெருவுக்கு ஒன்றுமில்லாமலும் போனது. அதன் விளைவாக 1970ல் பேரிடர்த் தன்னார்வ அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்பு உருவானது. யார் எதில் தேர்ந்தவர் என்பது அங்கே ஏறக்குறைய எழுதாத ஒப்பந்தம். தென்பகுதி பாப்டிஸ்டுகள் பெரும் சமையல் வண்டிகளோடு வருவார்கள். மெத்தடிஸ்டுகள் குடும்பம் குடும்பமாகக் குறை கேட்டுப் பதிவு செய்வார்கள். மென்னோனைட்டுகள் தச்சுக் கருவிகளோடு வந்து, மற்றவர்கள் போன பிறகும் ஆண்டுக்கணக்கில் தங்கி வீடு கட்டுவார்கள். எதற்கும் வருகைப் பதிவேடு உண்டு. அது வெறும் சம்பிரதாயம் இல்லை. பேரிடர் சீரமைப்புச் செலவில் பொதுவாக 75 சதவீதம் மத்திய அரசு தரும், மிச்சத்தை மாநிலமும் உள்ளாட்சியும் போட வேண்டும். தன்னார்வலர் உழைத்த மணிநேரத்தை டாலராக மாற்றி அந்தப் பங்கில் கழித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. கையெழுத்துப் போடாமல் உழைத்துவிட்டுப் போகிறவர் ஊராட்சியின் பணத்தைத்தான் வீணாக்குகிறார்.

பத்திரம் யார் பெயரில்?

நம் ஊரில் கிராம நிர்வாக அலுவலகத்துக்கு நடந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் சட்டென்று புரியும். நியூ ஆர்லியன்ஸின் லோயர் நைன்த் வார்டு என்ற பேட்டையில் கறுப்பினக் குடும்பங்கள் பல தலைமுறையாகச் சொந்த வீட்டில் இருந்தவை. தாத்தா கட்டிய வீட்டில் பேரன் இருப்பான். பத்திரம் மட்டும் தாத்தா பெயரிலேயே இருக்கும். மாற்ற வேண்டிய அவசியம் அதுவரை வரவில்லை. வெள்ளத்துக்குப் பின் ‘ரோடு ஹோம்’ என்ற மானியத் திட்டம் வந்தபோது உரிமைக்கு ஆதாரம் கேட்டார்கள். வாரிசுகள் எட்டுப் பேர் நான்கு மாநிலங்களில் இருந்தால் எப்படித் தருவது?

ஆதாரம் காட்டியவர்களுக்கும் வேறொரு இடி. சேதச் செலவு, புயலுக்கு முந்தைய வீட்டு மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதைக் கொண்டு மானியம் கணக்கிட்டார்கள். அதே மரம், அதே பலகை, அதே கூலி. ஆனால் கறுப்பினத்தவர் பேட்டையில் சந்தை மதிப்பு குறைவு என்பதால் மானியமும் குறைந்தது. 2008ல் வழக்குப் போட்டார்கள், 2011ல் 6.2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதற்குள் பலர் வெளியூரில் வேரூன்றிவிட்டார்கள். 2000ல் சுமார் 14,000 பேர் இருந்த லோயர் நைன்த் வார்டில் 2010 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 3,000க்கும் குறைவு. தன்னார்வலர்களில் அந்தப் பேட்டைக்கு மிக வேண்டியிருந்தவர்கள் வாரிசுச் சான்று எழுதித் தரும் வழக்கறிஞர்கள். ஓசையில்லாமல் அந்த வேலையைச் செய்தவர்களும் உண்டு. சுத்தியல் பிடித்தவரை எடுத்த படம் வந்த அளவுக்கு அவர்கள் படம் வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு பேட்டைகளின் கதை

2006 ஜனவரியில் மறுசீரமைப்புக் குழு வெளியிட்ட வரைபடத்தில் தாழ்வான பேட்டைகளின் மேல் பச்சை வட்டங்கள் இருந்தன. அங்கெல்லாம் பூங்கா வரலாம் என்று பொருள். பிராட்மூர் அதில் ஒன்று. செய்தித்தாளில் அதைப் பார்த்த குடியிருப்போர் கொதித்தார்கள். கொதித்ததோடு நிற்காமல் தெருவுக்கு ஒரு பொறுப்பாளரை நியமித்து, யார் திரும்பி வருவார், யார் வீட்டுக்கு என்ன குறை என்று வீடு வீடாகப் பட்டியல் எடுத்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் உதவ வந்தபோது அந்தப் பட்டியல் ஏற்கெனவே தயார். வந்தவர்கள் அதன்படி வேலை செய்தார்கள். நூலகம் மீண்டது, பள்ளி திறந்தது, பெரும்பாலான வீடுகளில் விளக்கு எரிந்தது. பிராட்மூர் குடியிருப்போர் சங்கத்தை நடத்திய லாடோயா கான்ட்ரெல் 2018ல் நகரின் முதல் பெண் மேயர் ஆனார்.

நியூ ஆர்லியன்ஸ் கிழக்கில் வியட்நாமியக் குடியேறிகள் தங்கள் மாதா கோயிலை மையமாக வைத்துச் செய்ததும் இதே காரியம்தான். நகரிலேயே முதலில் திரும்பியவர்களில் அவர்கள் உண்டு. பக்கத்தில் இடிபாடுகளைக் கொட்டத் திறந்த குப்பைக் கிடங்கையும் போராடி மூடவைத்தார்கள்.

மறுபக்கம், லோயர் நைன்த் வார்டில் நடிகர் பிராட் பிட் 2007ல் தொடங்கிய திட்டம். பேர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்த 150 வீடுகள் என்று அறிவித்து, 109 கட்டினார்கள். பார்க்க அழகு. ஆனால் ஓயாமல் மழை பெய்யும் ஊரில் தட்டைக் கூரையும் இறவாணம் இல்லாத சுவரும் எத்தனை நாள் தாங்கும்? மரம் உளுத்தது, கூரை ஒழுகியது. 2018ல் குடியிருப்போர் நீதிமன்றம் போனார்கள். நல்லெண்ணத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. அந்த ஊர் மேஸ்திரி ஒருவரைக் கேட்டிருந்தால் இறவாணத்தை நீட்டச் சொல்லியிருப்பார் என்பதுதான் என் வருத்தம்.

ஒரு வாரக்காரர்களை வைத்து வேலை வாங்குவது

வாஷிங்டனிலிருந்து வழக்கறிஞர் ஜாக் ரோசன்பர்கும் கல்வித் துறையில் இருந்த லிஸ் மெக்கார்ட்னியும் 2006 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய மாவட்டமான செயின்ட் பெர்னார்டு பாரிஷுக்குத் தன்னார்வலர்களாக வந்தார்கள். வெள்ளத்தோடு எண்ணெய்த் தொட்டி ஒன்றும் உடைந்து 10 லட்சம் காலனுக்கு மேல் கச்சா எண்ணெய் தெருக்களில் ஓடிய பகுதி அது. இருவருக்கும் கட்டட வேலை தெரியாது. அடுத்த மாதமே ‘செயின்ட் பெர்னார்டு புராஜெக்ட்’ தொடங்கினார்கள்.

அவர்கள் கண்ட தீர்வு எளிமையானது. ‘அமெரிகார்ப்ஸ்’ என்ற அரசுத் திட்டத்தில் சிறு உதவித்தொகை பெற்று மாதக்கணக்கில் தங்கும் இளைஞர்களுக்கு முதலில் தொழில் கற்றுத்தருவது. ஒரு வாரம் வந்து போகிறவர்களை அவர்கள் பொறுப்பில் விடுவது. வருகிறவர் மாறினாலும் வீட்டை அறிந்தவர் மாறுவதில்லை. பின்னர் டொயோட்டா நிறுவனம் தன் தொழிற்சாலை முறையைக் கற்றுத்தர ஆள் அனுப்பியது. எந்த நாள் எந்த வேலை, எந்தப் பொருள் எப்போது வர வேண்டும் என்று அட்டவணை போட்டதில் ஒரு வீட்டை முடிக்கும் காலம் ஏறக்குறையப் பாதியானது. கார் கம்பெனி நன்கொடையாகக் காசோலை தந்திருந்தால் இத்தனை வீடு எழுந்திருக்குமா என்பது சந்தேகம்.

மனக்கசப்பும் இல்லாமல் இல்லை. இலவச உழைப்பு உள்ளூர்த் தச்சர்களின் கூலியைக் கெடுக்கிறது என்ற புகார் நியாயமானது. காசு கொடுக்கச் சக்தியுள்ள வீட்டுக்குத் தன்னார்வலர் போகக் கூடாது. சிதைந்த பேட்டைகளைச் சுற்றிக் காட்டச் சுற்றுலாப் பேருந்துகள் வந்தபோது லோயர் நைன்த் வார்டுக்குள் அவற்றுக்குத் தடையே போட வேண்டியிருந்தது.

இதில் நமக்கும் பாடம் உண்டு. நம் கரையில் புயல் மாதம் வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. சுனாமியின்போது நாகப்பட்டினம் சாலையோரம் குவிந்த பழந்துணி மூட்டைகளை அள்ளிப் போடவே தனியாக ஆள் பிடிக்க வேண்டியிருந்ததை மறக்க வேண்டாம். முதல் வாரம் பணம் அனுப்புங்கள். நேரில் போக விரும்பினால் அந்த ஊரில் பட்டியல் வைத்திருக்கும் சங்கத்தையோ தேவாலயத்தையோ ஊராட்சியையோ அழைத்து, எந்த மாதம் ஆள் வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்பார்கள், அப்போது போங்கள். முழங்கால் வரை பூட்ஸ், தடித்த கையுறை, நல்ல முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்; இடிபாட்டில் ஆணிகள் எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.