செத்த கோழியும் பேசும், தெரியுமா?

பூவார் பொழியில் நெய்யாறு கடலோடு சேருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஆற்றின் மேற்பக்கம், அணை நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் யானைகளுக்கென்றே ஒரு வீடு இருப்பது தெரியுமா? கோட்டூர் காப்புக்காடு யானை மறுவாழ்வு மையம்! 2021 ஜூனில் அங்கே ஸ்ரீக்குட்டி என்ற குட்டி யானை திடீரென்று செத்துப்போனது. வயது இரண்டுகூட ஆகவில்லை. அழுது முடிப்பதற்குள், அடுத்த மாதமே அர்ஜுன் என்ற குட்டியும் போய்விட்டது!

கொன்றது புலியா? விஷமா? இல்லை, ஒரு வைரஸ்! யானைகளுக்கு மட்டுமே வரும் ஹெர்பிஸ் வைரஸ். ரத்தக் குழாயின் உட்சுவரையே அரித்துவிடும். ரத்தம் உள்ளுக்குள்ளேயே கசியும், முகம் வீங்கும், நாக்கு ஊதா நிறமாகும். அறிகுறி தெரிந்து ஒன்றிரண்டு நாளில் கதை முடிந்துவிடலாம்!

இந்த வைரஸை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது யார் தெரியுமா? இன்னொரு குட்டி யானையின் உடல்! பெயர் குமாரி. தாய் சாந்தி இலங்கையிலிருந்து அமெரிக்கா போனவள். வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சி சாலையில் 1995இல், வெறும் 16 மாதக் குட்டியாக, குமாரி இறந்தாள். காரணம் யாருக்கும் புரியவில்லை. லாரா ரிச்மன் என்ற கால்நடை நோய்க்குறியியல் நிபுணர் அவளுடைய திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தார். ரத்தக் குழாய் செல்களின் உட்கருவுக்குள் இருக்கக் கூடாத புள்ளிகள் இருந்தன! 1999இல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. கோட்டூரில் 2021இல் நோய்க்கு ஒரு பெயர் சொல்ல முடிந்தது என்றால், அதற்கான கதவைத் திறந்தது குமாரியின் உடல்தான்!

யானையை போஸ்ட்மார்ட்டம் செய்தால் உள்ளே என்னென்ன இருக்கும்? இதயத்தின் நுனி நமக்கு ஒன்று. யானைக்கு இரண்டாகப் பிளந்திருக்கும்! பித்தப்பையைத் தேடினால் கிடைக்காது, யானைக்கு அது இல்லவே இல்லை! நுரையீரல் விலா எலும்போடு ஒட்டிக் கிடக்கும். மாட்டில் அப்படி ஒட்டியிருந்தால் கடும் நோய் என்று எழுதலாம். யானையில் எழுதினால் தப்பு, அதுதான் அதன் இயல்பு! தும்பிக்கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் நீந்தும்போது நுரையீரலைக் காப்பாற்றும் ஏற்பாடு இது என்கிறார்கள். நோயைப் படிப்பவர் முதலில் ஆரோக்கியத்தைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதையைப் படித்து உருகியவர்களே, அதில் வரும் டாக்டர் கே நிஜ மனிதர் என்பது தெரியுமா? தமிழ்நாடு வனத்துறையின் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி! காட்டில் செத்துக் கிடக்கும் யானையையும் அறுத்துப் பார்த்துக் காரணம் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்.

கால்நடை மருத்துவப் படிப்புக்கு எத்தனை வருஷம்? இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஐந்தரை! சென்னை வேப்பேரியில் கல்லூரி தொடங்கியது 1903இல். திருச்சூர் மண்ணுத்தியில் 1955இல். திருநெல்வேலியிலும் ஒரு கல்லூரி இருக்கிறது. பூவார்க்காரர்களுக்கு மண்ணுத்தியைவிட அதுதான் பக்கம்!

உலகின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி எது? பிரான்சின் லியோன் நகரில், 1761இல் நிறுவப்பட்டது. காரணம் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய்! அந்த நோய் பூமியிலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்த வருஷம் எது தெரியுமா? 2011. கழித்துப் பாருங்கள். சரியாக 250 வருஷம்! பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் இது. தடுப்பூசியைச் சீராக்கித் தந்த வால்டர் ப்ளோரைட்டும் கால்நடை நோய்க்குறியியல்காரர்தான். இந்தியாவில் கடைசியாக அது தலைகாட்டிய இடம் எது? தமிழ்நாட்டின் வட ஆற்காடு, 1995இல்!

எல்லையில் ஒரு வேடிக்கை உண்டு. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் மாட்டுக்கு ‘கோமாரி’. இந்தப் பக்கம் பாறசாலையில் ‘குளம்புரோகம்’. அங்கே கோழிக்கு ‘வெள்ளைக்கழிச்சல்’, இங்கே ‘கோழிவசந்த’. வைரஸுக்கு பாஷையும் தெரியாது, செக்போஸ்டும் தெரியாது!

கோழிவசந்தவில் செத்த கோழியை மேஜையில் வைத்தால் மாணவர் எங்கே பார்ப்பார்? முதலில் இறகு பறக்காமல் இருக்க உடலைச் சோப்புத் தண்ணீரில் நனைப்பார். நெஞ்செலும்பைத் தூக்கித் திறப்பார். தீனியை அரைக்கும் இரைப்பைக்குச் சற்று முன்னால் சின்னதாக இன்னொரு இரைப்பை இருக்கும். அதைக் கீறி விரித்துத் தண்ணீரில் அலசினால், உட்புறத்து மொட்டுகளின் நுனியில் குண்டூசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள்! கோழிவசந்த என்று சந்தேகிக்க அந்தப் புள்ளிகள் போதும். உறுதி சொல்ல ஆய்வகம் வேண்டும்.

ஸ்லைடில் வைக்கும் திசுச் சீவல் எவ்வளவு தடிமன் தெரியுமா? நாலைந்து மைக்ரான்! தலைமுடியைப் பத்துக்கும் மேற்பட்ட அடுக்காக உரித்தால் ஓர் அடுக்கு எவ்வளவோ, அவ்வளவு! உட்கருவை ஊதாவாக்கும் சாயம் மத்திய அமெரிக்கக் காட்டில் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வருகிறது!

அறுக்கவே கூடாத உடல் ஒன்று உண்டு, தெரியுமா? அடைப்பானில் செத்த மாடு! மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். மைக்ராஸ்கோப்பில் மூங்கில் கழிகளை அடுக்கியதுபோல் கிருமிகள் தெரியும்! உடலைத் திறந்தால் கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறிவிடும். அந்த வித்து எத்தனை காலம் வாழும்? ஸ்காட்லாந்தின் க்ருனார்ட் தீவில் 1942இல் ராணுவம் அதைச் சோதித்தது. பயமில்லாமல் கால் வைக்கலாம் என்று அறிவிக்க 1990 ஆயிற்று! இது எங்கோ நடந்த கதை என்று விட்டுவிடாதீர்கள். 2022இல் அதிரப்பள்ளிக் காட்டில் காட்டுப்பன்றிகள் செத்ததும் இதே அடைப்பானில்தான்!

மாட்டுத் தீவனத்தில் கிடந்த ஒரு கம்பித் துண்டு இதயத்தைக் குத்துமா? குத்தும்! மாட்டின் இரண்டாவது வயிற்றுக்கும் இதயத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய திரைதான். மாடு மெல்லாமல் விழுங்கும். கம்பி அந்த வயிற்றில் தங்கி, ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறும்! பிளாஸ்டிக்? 2019இல் சென்னையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து மருத்துவர்கள் எடுத்தது 52 கிலோ! நல்ல வேளை, அந்தப் பசு உயிரோடு மேஜைக்கு வந்தது.

பிணந்தின்னிக் கழுகுகள் எங்கே போயின? இந்தியாவில் 1992இலிருந்து 2007க்குள் வெண்முதுகுப் பாறு கழுகுகளில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஒன்றுதான் மிஞ்சியது! அறுத்துப் பார்த்தால் ஈரல், இதயம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு. சிறுநீரகம் செயலிழந்ததால் படிந்த யூரிக் அமிலம்! எதனால்? பாகிஸ்தானில் ஆராய்ந்தார்கள். அந்த வெள்ளைப் படிவு இருந்த 25 கழுகுகளின் சிறுநீரகத்திலும் மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலிமருந்து! படிவு இல்லாத 13இல் ஒன்றில்கூட இல்லை! 2004இல் உண்மை வெளியானது. 2006இல் இந்தியா அதை மாட்டு வைத்தியத்திலிருந்து தடை செய்தது. இன்னும் கொஞ்சம் முந்தியிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

1999இல் நியூயார்க்கில் காக்கைகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. மனிதர்களுக்கும் மூளைக்காய்ச்சல். அது செயின்ட் லூயிஸ் காய்ச்சல் என்றார்கள் பெரிய மருத்துவர்கள். பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையின் நோய்க்குறியியல் நிபுணர் ட்ரேசி மெக்நமாரா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நோய் பறவைகளைக் கொல்லாதே, என் பூநாரைகள் எப்படிச் செத்தன என்று விடாமல் கேட்டார். கடைசியில் யார் சொன்னது சரி? அவர் சந்தேகம்தான்! அமெரிக்கா அதுவரை காணாத வெஸ்ட் நைல் வைரஸ் அது!

ரத்தம் உறையாமல் இருக்க மனிதர்கள் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரையும் மாடுகள் தந்ததுதான், தெரியுமா? 1920களில் பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. கனடாவின் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு, அவரும் கால்நடை நோய்க்குறியியல்காரர், தீவனத்தின் மேல் விரலை நீட்டினார். அந்தக் கெட்ட தீவனத்தில் கண்டெடுத்த பொருளின் வாரிசுதான் இந்த மாத்திரை!

நம் உடம்பின் ‘பி’ செல்லுக்கு அந்த எழுத்து எங்கிருந்து வந்தது? கோழியின் ஆசனவாய்க்கு மேலே இருக்கும் பர்சா என்ற சிறு பையிலிருந்து! அதை எடுத்துவிட்டால் கோழிக்கு எதிர்ப்பாற்றல் சரியாக உருவாகாது என்று 1956இல் தெரியவந்தது. ஆங்கிலத்தில் அந்தப் பையின் முதல் எழுத்துதான் நம் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நிற்கிறது!

சரி, உங்கள் வீட்டுக் கோழி நாளைக்குக் காரணம் தெரியாமல் செத்தால்? பலரும் செய்கிற தப்பு, ஃப்ரீசரில் போடுவது! உறைந்தால் செல்லெல்லாம் கிழிந்துவிடும், திசுவில் ஒன்றும் படிக்க முடியாது. இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்து, அன்றைக்கே மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஒரே நேரத்தில் நிறையக் கோழியோ வாத்தோ செத்தால் தொடவே தொடாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். நம் திருவனந்தபுரம் ஜில்லாவிலேயே, பாலோட்டில், கால்நடை நோய்களுக்கென்றே மாநில ஆய்வு நிறுவனம் இருக்கிறது, தெரியுமா?