மலிவு மனையும் மழை நீரும்

சென்னையில் வீடு வாங்கச் சக்தியற்ற மத்தியதர ஜனங்கள், 2021-ல் மாநகராட்சியான தாம்பரத்தை நாடுவது இயல்பே. சொந்த வீட்டு ஆசையை நாம் குறை கூறோம். ஆயினும், 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை மறக்கலாகாது. பட்டாவும் வில்லங்கச் சான்றும் நிலம் யாருடையது என்பதைக் காட்டும். மழை நீர் எங்கே தேங்கும் என்பதைக் காட்டமாட்டா. ஆதலின், முன்பணம் கொடுக்குமுன் கிராம வரைபடத்தில் ஏரி, வாய்க்கால்களைப் பார்ப்பதும், மழைக்காலத்தில் நேரில் சென்று அண்டை வீட்டாரை விசாரிப்பதும் அவசியம். நீர் தேங்கும் மனையைக் கடன்பட்டு வாங்குவதினும் வாடகை வீடே மேல் என்பது நமது அபிப்பிராயம். எனினும், முழுப் பாரத்தையும் வாங்குவோர் தலையில் சுமத்துவது நியாயமன்று. வெள்ளம் பாயும் தாழ்நிலத்தை மனையாக்க அனுமதி மறுக்க வேண்டியது சர்க்காரே. இதனைத் தேச ஊழியர்கள் இடைவிடாது வற்புறுத்துவார்களாக!