சாலை புதிது, கை பழையது

வெளிநாடு போகும் இந்தியர்கள் வாடகைக்குக் கார் எடுத்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு சுற்றத் தொடங்கிவிட்டார்கள். அங்கே இடறிவிடுவது புதிய சாலை அல்ல. கூடவே விமானம் ஏறி வந்துவிடும் பழைய பழக்கம்.

வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. ஆனால் மியூனிக் விமான நிலையத்தின் வாடகைக் கார் நிறுத்துமிடத்திலிருந்து மெல்ல வெளியே வரும் அந்தக் காரில் மட்டும் வைப்பர் படபடவென்று ஓடுகிறது. பின் இருக்கையில் குழந்தைகள் சிரிக்கின்றன. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இண்டிகேட்டர் போட்டதாகத்தான் நினைத்தார். இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களில் இண்டிகேட்டர் பிடி ஸ்டியரிங்கின் வலப்பக்கம் இருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்கக் கார்களில் இடப்பக்கம். இருபது வருடம் ஓட்டிப் பழகிய கை, அது இருக்கும் நாடு எது என்று கேட்பதில்லை.

வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் ஒரு காலத்தில் குழுவாகப் பேருந்தில் போய், கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் நடந்து, இந்தியச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தேடுவதுதான். இன்று கைபேசியில் வரைபடம் இருக்கிறது. கடன் அட்டை இருக்கிறது. கார் முன்பதிவு செய்யப் பத்து நிமிடம் போதும். மெல்போர்னில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகிறவரும், நியூ ஜெர்சியில் வேலை செய்யும் மகனிடம் போகிறவரும் ஒரு வாரம் சொந்தமாக ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். தயங்குகிறவர்களுக்குச் சொல்லப்படும் சமாதானம் ஒன்றுதான்: “சென்னையிலும் டெல்லியிலும் ஓட்டியவன் உலகத்தில் எங்கும் ஓட்டுவான்.”

இது பாதி உண்மை. அந்த மற்றப் பாதியில்தான் ஆபத்து. நம் சாலையில் எந்த நொடியும் யாரும் தவறு செய்யலாம் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். எதிர்த்திசையில் ஸ்கூட்டர் வரும், மாடு நிற்கும், பேருந்து திடீரென்று ஒதுங்கும். அதனால் கண் எப்போதும் விழித்திருக்கிறது. ஒருவர் பிழையை நான்கு பேர் சமாளித்துவிடுகிறார்கள். எப்போதும் சமாளித்துவிட முடிவதில்லை: 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். மேலை நாட்டுச் சாலையிலோ யாரும் தவறு செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் போகின்றன. அங்கே எதிரே வருபவர் புதியவரின் கண்ணைப் பார்ப்பதில்லை, விதியைப் பார்க்கிறார். விதி தெரியாதவரின் பிழையைத் தாங்கிக்கொள்ள அங்கே யாரும் தயாராக இல்லை.

பக்கம் மாறும் நொடி

முதல் குழப்பம், சாலையின் எந்தப் பக்கம் என்பது. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் நம்மைப் போலவே இடப்பக்கம். அமெரிக்கா, கனடா, பிரிட்டனையும் அயர்லாந்தையும் போன்ற சில தீவு நாடுகள் நீங்கலான ஐரோப்பா, வளைகுடா நாடுகள் எல்லாம் வலப்பக்கம்.

புதிதாக வலப்பக்கம் ஓட்டுகிறவர் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முதல் அரைமணி நேரம் அநேகமாகத் தவறு செய்வதில்லை. பயம் காப்பாற்றுகிறது. முன்னால் போகும் வண்டிகளும் வழிகாட்டுகின்றன. தவறு நேர்வது மூன்றாவது நாள் விடியற்காலையில், காலியான சாலையில், பெட்ரோல் பங்கிலிருந்து திரும்பும்போது. பின்தொடர ஒரு வண்டியும் இல்லாத அந்த நேரத்தில், கை தன் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுகிறது.

ஸ்வீடனின் அனுபவம் இதற்குச் சாட்சி. 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி அதிகாலை 5 மணிக்கு அந்த நாடு முழுவதும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. பெரும் விபத்துகள் நடக்கும் என்று பலர் அஞ்சினார்கள். ஆனால் முதல் வாரங்களில் விபத்துகள் குறைந்தன. எல்லோரும் அவ்வளவு எச்சரிக்கையாக ஓட்டினார்கள். பயம் தெளிந்ததும் எண்ணிக்கை பழைய அளவுக்கே திரும்பியது.

நடந்து போகிறவருக்கும் இதே கதிதான். 1931 டிசம்பர் 13 இரவு நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் டாக்சியிலிருந்து இறங்கிய 57 வயது வின்ஸ்டன் சர்ச்சில், பிரிட்டிஷ் பழக்கப்படி தவறான பக்கம் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தார். கார் மோதித் தூக்கி எறிந்தது. அவர் பிழைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 2019 ஆகஸ்டில், இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷயரில் உள்ள ஒரு விமானப்படைத் தளத்திலிருந்து காரில் வெளியே வந்த அமெரிக்கப் பெண் ஒருவர், தன் நாட்டு வழக்கப்படி வலப்பக்கம் ஏறி ஓட்டினார். அவர் அந்த நாட்டுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த 19 வயது இளைஞர் இறந்துபோனார். தூதரக விலக்குரிமை கோரி அந்தப் பெண் நாடு திரும்ப, விவகாரம் இரு அரசுகளுக்கும் இடையே பெரும் சர்ச்சையானது. 2022 டிசம்பரில் லண்டன் நீதிமன்றம் அவருக்கு எட்டு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. அவர் குடித்திருக்கவில்லை. பழக்கம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

நியூசிலாந்து இதைப் புரிந்துகொண்ட நாடு. தென் தீவில் சுற்றுலாப் பயணிகள் நின்று படமெடுக்கும் இடங்களிலிருந்து வெளியே வரும் வழிகளில், இடப்பக்கம் போகச் சொல்லும் அம்புக்குறிகளைச் சாலையிலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள். இறங்கி, இயற்கையை ரசித்து, மீண்டும் ஏறும் அந்த இடத்தில்தான் மனசு நழுவுகிறது.

ஊருக்கு ஒரு விதி

பக்கம் ஒன்றாக இருந்தாலே போதும் என்று நினைப்பவருக்கு மெல்போர்ன் பாடம் சொல்கிறது. நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நகரம்தான். ஆனால் நகர மையத்தில் சாலை நடுவே டிராம் போகிறது. அதன் பாதையை மறிக்கக்கூடாது என்பதற்காக, பல சந்திப்புகளில் வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் இடக்கோடிக்குப் போக வேண்டும். பச்சை விளக்கில் சந்திப்புக்குள் நுழைந்து இடது ஓரமாக நின்று, குறுக்குச் சாலைக்குப் பச்சை விழுந்ததும் சட்டென்று வலப்பக்கம் திரும்ப வேண்டும். பலகையைப் படிக்காமல் நடுவில் போய் நிற்கும் வெளியூர்க்காரரின் பின்னால் டிராம் மணியடித்துக்கொண்டு நிற்கும்.

அமெரிக்காவில் சிவப்பு விளக்கு எரியும்போதே, வண்டியை முழுமையாக நிறுத்திப் பார்த்துவிட்டு, வலப்பக்கம் திரும்பிப் போகலாம். பெட்ரோல் நெருக்கடிக் காலத்தில், 1975-ல் வந்த எரிசக்திச் சட்டம் பரப்பிய வழக்கம் இது. ஆனால் நியூயார்க் நகரத்துக்குள் நுழைந்துவிட்டால், பலகை அனுமதித்தால் ஒழிய அது குற்றம். நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை உள்ள சந்திப்பில் போலீஸ்காரரும் இல்லை, விளக்கும் இல்லை. முதலில் வந்து நின்றவர் முதலில் போவார், மற்றவர்கள் காத்திருப்பார்கள். முந்திக்கொள்ளப் பழகிய நம்மவருக்கு நம்பவே கடினமான காட்சி. மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மினுக்கி நின்றால், நடுத்தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வருபவரும் நிறுத்தியாக வேண்டும். தெரியாது என்ற சாக்கை அங்கே யாரும் கேட்பதில்லை.

பிரிட்டனின் ரவுண்டானாவில் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை. வெளியே இருப்பவர் காத்திருக்க வேண்டும். ஆனால் பாரிஸில் வெற்றி வளைவைச் சுற்றியுள்ள, பன்னிரண்டு அவென்யூக்கள் வந்து சேரும் ரவுண்டானாவில் விதி தலைகீழ். வலப்பக்கத்திலிருந்து புதிதாக நுழைபவருக்காக, உள்ளே இருப்பவர் வழிவிட வேண்டும். லண்டனில் ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பாரிஸ் வருகிறவர், கற்றதை மறந்தால்தான் வெளியேற முடியும்.

சட்டப் புத்தகத்தில் இல்லாத மொழியும் உண்டு. நம் நெடுஞ்சாலையில் எதிரே வருபவர் விளக்கை மினுக்கினால், “நான் வருகிறேன், ஒதுங்கு” என்று பொருள். பிரிட்டனில் அதே மினுக்கலை, “நீங்கள் போங்கள்” என்று வழிவிடும் மரியாதையாகவே பலர் பயன்படுத்துகிறார்கள். ஒரே சைகைக்கு நேர் எதிரான இரண்டு அர்த்தம். ஹாரனும் அப்படியே. இங்கே அது இருப்பைத் தெரிவிக்கும் ஒலி. அங்கே அது திட்டு. பிரிட்டனின் குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை ஹாரன் அடிப்பதற்கே தடை.

தபாலில் வரும் போலீஸ்

விபத்து இல்லாமல் ஊர் திரும்பியவரையும் ஒரு கடிதம் தேடி வரலாம். ஃபுளோரன்ஸ், ரோம், பைசா போன்ற இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் வெளியார் கார்கள் நுழையத் தடை உண்டு. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகைதான் எல்லை. மின்பலகையில் ‘வார்கோ அத்திவோ’ என்று எழுத்து ஒளிரும். வாயில் திறந்திருக்கிறது என்று அர்த்தம் செய்துகொண்டு நுழைகிறவர்கள் உண்டு. உண்மையில் கேமரா விழித்திருக்கிறது என்பதே அதன் பொருள். தடுப்பு இல்லை, விசில் இல்லை. ஒவ்வொரு முறை நுழைவதும் தனிக் குற்றம். ஓட்டல் தேடி மூன்று முறை சுற்றியவருக்கு மூன்று அபராதங்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. அதற்கு முன்பே, முகவரியைப் போலீசுக்குத் தெரிவித்ததற்கான தன் கட்டணத்தை வாடகைக் கார் நிறுவனம் கடன் அட்டையில் கழித்துக்கொண்டிருக்கும்.

நெரிசல் கட்டணமும் இப்படித்தான். சிங்கப்பூர் 1975-லேயே நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. லண்டன் 2003 பிப்ரவரியில் 5 பவுண்டில் ஆரம்பித்தது; 2020-ல் அது 15 பவுண்டாகி, பிறகும் ஏறியது. 2025 ஜனவரியில் நியூயார்க்கும் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே, நெரிசல் நேரத்தில் 9 டாலர் என்று தொடங்கியது. லண்டனில் சுங்கச்சாவடி எதுவும் கிடையாது. கேமரா எண் பலகையைப் படிக்கும். உரியவர் தானாகவே கட்ட வேண்டும்.

பெட்ரோல் போடுவதிலும் பொறி இருக்கிறது. அமெரிக்காவில் ‘கேஸ்’ என்றால் பெட்ரோல். இத்தாலியில் ‘கசோலியோ’, ஸ்பெயினில் ‘கசோலியோ’ என்றே ஒலிக்கும் சொல், இரண்டும் டீசல். பிரிட்டனில் பச்சைக் குழாய் பெட்ரோல். அமெரிக்காவின் பல பங்குகளில் பச்சைப் பிடி டீசல். வேகப் பலகைகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மைலில் பேசுகின்றன. அமெரிக்காவில் எடுத்த காரில் கனடாவுக்குள் நுழைகிறவர், 100 என்ற பலகையைப் பார்த்து மைலென்று நினைத்து மிதித்தால் வேகம் 160 கிலோமீட்டர்.

புறப்படும் முன்

காகிதங்கள் எளிது. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கிடைக்கும். மத்திய விதிப்படி கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அசல் உரிமத்தையும் சேர்த்தே கையில் வைத்திருக்க வேண்டும். ஜப்பானில் இது இல்லாமல் நடக்காது. பிரிட்டனில் வருகையாளர் இந்திய உரிமத்தைக் கொண்டே 12 மாதம் வரை ஓட்டலாம். சீனாவின் பெருநிலப்பகுதியோ இந்த அனுமதியை ஏற்பதே இல்லை.

காகிதத்தைவிடத் தூக்கம் முக்கியம். பதினைந்து மணி நேரம் பறந்து, இந்திய நேரப்படி நள்ளிரவில் இறங்கி, அப்படியே கார் சாவியை வாங்குவதுதான் மிகப் பெரிய தவறு. முதல் நாள் ரயிலில் போய்த் தூங்கி எழுந்து, மறுநாள் காலை நகரத்துக்கு வெளியே வண்டி எடுப்பவர் பாதிச் சிக்கலைத் தவிர்த்துவிடுகிறார். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி கேட்பது இன்னொரு புத்திசாலித்தனம். ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள காரில் கியரைத் தேடும் இடக்கை கதவில்தான் போய் இடிக்கும். பத்து நிமிடம் நிறுத்துமிடத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும், எந்தப் பக்கம் என்று பக்கத்து இருக்கையில் இருப்பவர் வாய்விட்டுச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் உயிர் காக்கும் வேடிக்கை. கைபேசி வரைபடம் எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லும். திரும்பியபின் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்பதை அநேகமாகச் சொல்லாது.

விடுமுறை முடிந்து ஊர் திரும்பினாலும் எச்சரிக்கை முடிவதில்லை. இரண்டு வாரம் வலப்பக்கம் பழகிய கை, வீட்டுத் தெருமுனையில் ஒரு கணம் தடுமாறும். மழை இல்லாத சென்னையில் வைப்பர் ஓடும். வரிக்குதிரைக் கோட்டில் ஒரு பாட்டி சாலையைக் கடக்கக் காத்திருப்பதைப் பார்த்து, புதிதாகக் கற்ற பழக்கத்தில் வண்டியை நிறுத்துவார். பின்னால் பத்து ஹாரன்கள் ஒன்றாக அலறும். பாட்டியோ நம்பிக்கை இல்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்.