நோயை நீட்டிக்கும் பழக்கங்கள்

ஒரு நோய் எதனால் தோன்றியது என்று ஆராய்வது வைத்தியத்தின் முதற்கடமை என்பதில் அபிப்பிராய பேதம் இருக்க முடியாது. ஆயினும், தோற்றுவித்த காரணம் மறைந்து மாதங்கள் பல சென்ற பின்னும் நோய் மட்டும் நிலைத்து நிற்குமானால், அதை நிலைநிறுத்துவது எது என்ற வேறொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். தூக்கமின்மை, தீராத வலி, மனச்சோர்வு ஆகிய மூன்றிலும் இந்த இரண்டாவது கேள்வியையே பிரதானமாகக் கொண்டு சிகிச்சை செய்பவர் உடல்நல உளவியலாளர். அமெரிக்காவில் 1970களில் தனித்துறையாக உருப்பெற்ற இவ்வியலுக்கு, ரோசெஸ்டர் நகரத்து வைத்தியரான ஜார்ஜ் எங்கல் 1977-இல் வற்புறுத்திய கருத்து, அதாவது சரீரம், மனம், சமூகச் சூழ்நிலை ஆகிய மூன்றும் கலந்தே நோய் விளைகிறது என்பது, அஸ்திவாரமாக அமைந்தது.

நியூயார்க்கின் சிட்டி காலேஜில் பேராசிரியராக இருந்த ஆர்தர் ஸ்பீல்மன், 1980களில் தூக்கமின்மையை இந்தக் கோணத்திலிருந்து விளக்கினார். சிலருக்குச் சுபாவத்திலேயே உறக்கம் மெல்லியதாக இருக்கும்; அத்தகையவர் வாழ்வில் ஒரு மரணமோ, கடன்தொல்லையோ, அறுவை சிகிச்சையோ குறுக்கிட்டால் இரவுகள் கலைந்துபோகும்; அதுவரை நிகழ்வது இயல்பே. அதன்பின் அவர் நல்லெண்ணத்துடன் கைக்கொள்ளும் பரிகாரங்கள்தாம் விபரீதமாக முடிகின்றன. நேற்று விட்ட தூக்கத்தை இன்று பிடிக்கலாமென்று எட்டு மணிக்கே படுக்கிறார், பகலில் கண்ணயர்கிறார், விடிந்தும் எழாமல் புரள்கிறார், நடுநிசியில் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் மூன்று மணி நேரமே இருக்கிறதென்று கலங்குகிறார். கடன் தீர்ந்துவிட்டது, துக்கமும் ஆறிவிட்டது. படுக்கையென்றாலே விழிப்பும் கவலையும் என்ற பழக்கமோ சரீரத்தில் ஊறிவிட்டது.

இதற்கு ஸ்பீல்மன் 1987-இல் வகுத்துரைத்த உபாயம், கேட்பவருக்கு முதலில் கொடுமையாகத் தோன்றும். நோயாளி இரண்டு வாரம் தம் உறக்கத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறார்; எட்டரை மணி நேரம் படுத்திருந்து ஐந்தரை மணி நேரமே உறங்குகிறார் என்று அது காட்டினால், இனி ஐந்தரை மணி நேரமே படுக்கையில் இருக்கலாம் என்று உளவியலாளர் விதிக்கிறார். விழித்தெழும் நேரம் எந்நாளும் மாறலாகாது. இவ்வாறு சேர்ந்துவரும் தூக்கப்பசி, சிதறிக்கிடந்த உறக்கத்தை ஒன்றுதிரட்டிவிடுகிறது. உறக்கம் திடப்பட்டபின், வாரந்தோறும் கால்மணி வீதம் நேரம் கூட்டப்படுகிறது. இத்துடன், 1972-இல் உளவியலாளர் ரிச்சர்ட் பூட்ஸின் வகுத்த விதிகளும் சேரும்: தூக்கம் வந்தபின்னரே படுக்க வேண்டும், வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குச் செல்ல வேண்டும், படுக்கையில் படிப்பதோ கணக்குப் பார்ப்பதோ கூடாது. முதலிரு வாரங்கள் கடினமானவை என்பதை மறைப்பது தகாது. பகலில் அயர்வு மிகும். ஆகவே வாகனம் ஓட்டுவோரும், இயந்திரங்களில் பணிபுரிவோரும், வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ உடையோரும் இதைத் தாமாகச் செய்யத் துணியக்கூடாது. நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாகவே, இம்முறைகளை உள்ளடக்கிய உளவியல் சிகிச்சையைத் தரவேண்டுமென்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது.

வலியின் விஷயம் இன்னும் நுட்பமானது. இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலியப் போர்முனையில் பணிசெய்த வைத்தியர் ஹென்றி பீச்சர், கடுங்காயமுற்ற வீரர்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டபோது, ஏறத்தாழ நான்கில் மூவர் வேண்டாமென்றனர். அந்தக் காயம் அவர்களுக்கு உயிரோடு வீடு திரும்பும் அனுமதியாக இருந்ததே காரணமென்று அவர் கருதினார். காயத்திலிருந்து எழும் செய்தி முதுகுத்தண்டில் ஒரு வாயிலைக் கடந்தே மூளையை அடைகிறது என்றும், மூளையே அவ்வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் வல்லது என்றும் வலி ஆராய்ச்சியாளர்களான ரொனால்ட் மெல்ஸாக்கும் பாட்ரிக் வாலும் 1965-இல் எடுத்துரைத்தனர். இதைக் கொண்டு வலி பொய்யென்று சொல்வாரும் உண்டு. அதைவிடப் பெரிய அநீதி இல்லை. வலியை உணர்பவனுக்கு எல்லா வலியும் மெய்யே.

ஸியாட்டிலில் உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் கண்டது, மெய்யான வலியையும் பழக்கம் நீட்டிக்கக்கூடும் என்பது. முதுகுவலிக்காரர், நலமாயிருக்கும் நாளில் ஒருவாரத்து வேலையை ஒரே மூச்சில் முடித்து, மறுநாள் வலி மிகுந்ததும் படுத்துவிடுகிறார். ஓய்வால் தசைகள் தளர்கின்றன, அசைந்தால் கேடு வருமென்ற அச்சம் வளர்கிறது, அடுத்தமுறை சிறு வேலையே வலிக்கிறது. ஆகவே வலி சொல்லும்வரை நடக்காமல், முன்கூட்டி நிர்ணயித்த அளவே நடக்கவேண்டும். நல்ல நாளிலும் அதற்கு மேல் கூடாது, வலிக்கும் நாளிலும் அதற்குக் குறையலாகாது. அளவு மட்டும் மெல்ல உயரவேண்டும் என்பது அவருடைய முறை.

மனச்சோர்வும் இப்படியே நீள்கிறது. மனம் சோர்ந்தவர் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் போவதை நிறுத்த, மகிழ்ச்சிக்கு இருந்த சிறு வாயில்களும் அடைபட்டுச் சோர்வு மேலும் ஆழ்கிறது. உற்சாகம் வரட்டுமென்று காத்திராமல், செயலை முதலில் தொடங்கச் செய்வதே மருந்து. கோவாவில், மனநலப் பட்டம் எதுவும் பெறாத சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சியளித்து, ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் இம்முறையை நடத்தியபோது, கடுமையான சோர்வுற்றோரிலும் பலர் தேறினர் என்று 2017-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. நம் நாட்டுக்கு இது மிகப்பெரிய நற்செய்தி என்றே நான் கருதுகிறேன்.

உறங்காத இரவு மறுநாள் வலியைக் கூட்டுகிறது. வலி மனத்தைத் தளர்த்துகிறது. தளர்ந்த மனம் இரவைக் கெடுக்கிறது. எனவே தேர்ந்த உளவியலாளர் மூன்றையும் ஒருங்கே விசாரித்து, எந்த இழையைத் தளர்த்தினால் முடிச்சு எளிதில் அவிழுமோ அதிலிருந்து தொடங்குகிறார்; பல சமயம் அது உறக்கமாக இருக்கலாம்.

இல்லத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கணக்கில் வலிக்கிறதென்று சொல்பவரை, வேலைக்கு அஞ்சி நடிக்கிறார் என்று பேசாதீர்கள். உரத்த குறட்டையுடன் மூச்சுத் தடைபட்டாலும், முதுகுவலியுடன் கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்படாமற் போனாலும் முதலில் வைத்தியரிடம் விரையுங்கள். உயிர் வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் எவருக்கேனும் தோன்றினால், அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில், இரவும் பகலும், கட்டணமின்றித் தமிழிலேயே கிடைக்கிறது.