பைத்தானிலிருந்து ஜாவாவுக்கு: கோலமா, குளமா?

ஜாசினிலோ அலோர் காஜாவிலோ ஓர் அறிவிப்புப் பலகையில் மலாயில் ‘கோலம் ரெனாங்’ என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதற்சொல் வாசலில் போடும் கோலத்தைப் போலவே ஒலிக்கிறது. பலகை காட்டுவதோ நீச்சல் குளத்தை! மலாயில் கோலம் என்றால் குளம். நம் கடை அங்கே ‘கெடாய்’, கப்பல் ‘காப்பல்’, கட்டில் ‘காத்தில்’. தமிழ் தெரிந்தவருக்கு இவை இனாமாகக் கிடைத்த சொற்கள். கோலம் மட்டும் ஏமாற்றிவிடுகிறது.

நிரல்மொழிகளிலும் இதே கதைதான். கீழ்ப்படிவங்களில் பைத்தான் பழகிய நீங்கள், நான்காம் படிவத்தில் கணினி அறிவியல் எடுத்தால் ஜாவாவைச் சந்திப்பீர்கள். மாறி, நிபந்தனை, சுழல், கணக்கைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் பழக்கம் எல்லாம் கூடவே வரும். அப்படியானால் எங்கே இடறுகிறது?

பல ஆண்டுகள் அனுபவமுள்ள நிரலாளர்களுக்கும் இடறுகிறது. 2020இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 18 நிரல்மொழிகளைப் பற்றி நிரலாளர்கள் கேட்டிருந்த 450 கேள்விகளை ஆராய்ந்தார்கள். 276 இடங்களில் குழப்பத்துக்குக் காரணம், ஏற்கெனவே தெரிந்த மொழியிலிருந்து கொண்டுவந்த தவறான ஊகம். அறியாமையைவிட அறிவே குறுக்கே நின்றிருக்கிறது!

வெளிப்படையான வேறுபாடுகள் பெரிய தொல்லை தருவதில்லை. ஜாவாவில் வரி முடிவில் அரைப்புள்ளியை விட்டுவிட்டால் நிரல் ஓடவே ஓடாது. பிழை எந்த வரியில் என்றும் சொல்லிவிடும். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ என்ற சொல் பின்னும் வரும். பைத்தான்காரருக்கு அது தலைகீழ். ஆனாலும் கண்ணுக்குத் தெரிவதால் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும்.

ஒரே மாதிரித் தோன்றுபவைதான் ஆபத்து. தோட்டத்தில் 7 டன் செம்பனைக் குலைகளை 2 லோரிகளில் சமமாக ஏற்ற வேண்டும். பைத்தானில் 7 / 2 என்று எழுதினால் 3.5 வரும். ஜாவாவில் அதையே எழுதினால் 3! இரண்டும் முழு எண்களாக இருந்தால் விடையையும் முழு எண்ணாகவே தருவது ஜாவாவின் விதி. எச்சரிக்கை ஏதும் வராது. லோரிக்கு அரை டன் வீதம் ஒரு டன் குலை கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். 7.0 / 2 என்று எழுதினால் 3.5 கிடைக்கும்.

இதைவிடக் கள்ளத்தனமானது == என்ற குறி. பைத்தானில் இரண்டு சொற்களுக்கு நடுவே இதைப் போட்டால், எழுத்துகள் ஒன்றா என்று பார்க்கும். ஜாவாவிலோ, இரண்டும் நினைவகத்தில் இருக்கும் அதே ஒரு பொருளா என்று பார்க்கும். உங்கள் அறிவியல் பாடநூலும் பக்கத்து மாணவருடையதும் உள்ளடக்கத்தில் ஒன்று. ஆனால் அவை இரண்டு புத்தகங்கள். நிரலுக்குள்ளேயே ஒரே சொல்லை இரு இடங்களில் எழுதிச் சோதித்தால், ஜாவா இரண்டுக்கும் ஒரே பொருளைப் பயன்படுத்திக்கொள்வதால், ‘ஆம்’ என்று விடை வரும். நீங்களும் நம்பிவிடுவீர்கள். பிறகு ஒருவர் விசைப்பலகையில் சரியான கடவுச்சொல்லையே தட்டினாலும் ‘தவறு’ என்று திருப்பி அனுப்பும். அங்கே பயன்படுத்த வேண்டியது ‘ஈக்குவல்ஸ்’ என்ற செயற்கூறு.

ஆகவே, புதிய மொழியின் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்வதைவிட, ‘இது எனக்குத் தெரியுமே’ என்று தாண்டிப்போகும் இடங்களைச் சோதிப்பதே என் கருத்தில் நல்ல வழி. விடையை முதலில் தாளில் எழுதிவிட்டு, பிறகு நிரலை ஓட்டுங்கள். 2147483647 + 1 எவ்வளவு? பைத்தான் 2147483648 என்று சரியாகச் சொல்லும். ஜாவாவின் சாதாரண முழு எண்ணுக்கு அந்த முதல் எண்தான் உச்ச வரம்பு. ஒன்றைக் கூட்டியதும் விடை -2147483648 ஆகிவிடும்.

இன்னொன்று: -7 % 3. பைத்தானில் விடை 2, ஜாவாவில் -1. இரண்டும் அவையவற்றின் விதிப்படி சரியே. ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு தாளும் பென்சிலும் போதும்.